தோற்றவரும் அடுத்த ஞாயிறு வரட்டும்

புதிய குடியேற்றம் ஒன்றுக்கு வரும் உத்தியோகத்தர் கையில் எப்போதும் ஒரு படிவம் இருக்கும். கூரைத்தகடு எத்தனை, மலசலகூடம் எத்தனை, குடிதண்ணீர் எடுக்க எவ்வளவு தூரம், பாடசாலை செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர் என்றெல்லாம் அதில் கேட்டிருப்பார்கள். நாமும் சளைக்காமல் பதில் சொல்லி வந்திருக்கிறோம். ஒரே பதிலை மூன்று நான்கு திணைக்களங்களுக்குச் சொன்னவர்களும் எம்மில் உண்டு. ஆனால், பின்நேரம் ஆறு மணிக்குப் பிறகு இங்குள்ளவர்கள் எங்கே இருக்கிறார்கள், யாரோடு இருக்கிறார்கள் என்று எந்தப் படிவமும் இதுவரை கேட்டதாக எமக்கு நினைவில்லை.

கேட்டிருந்தால் பதில் சொல்வது சங்கடமாகவே இருந்திருக்கும். பெண்கள் வீட்டுக்குள். ஆண்களில் ஒரு பகுதியினர் கடைத் திண்ணையில், இன்னொரு பகுதியினர் கசிப்பு விற்கும் இடத்தில். இளைஞர்கள் மதகின் மேல், ஆளுக்கொரு கைத்தொலைபேசியோடு. வந்தவர்கள் ஒரு பக்கம், முன்பே இருந்தவர்கள் மறுபக்கம்.

மாத்தளை மாவட்டத்துக்கு இடப்பெயர்வு புதிய விடயமல்ல. எம்மில் பலருடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை ஊடாக மாத்தளைக்கு நடந்து வந்து சேர்ந்தவர்கள். 1977ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் வன்செயல்களுக்குத் தப்பி, மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தவர்கள் உண்டு. அங்கும் போர் துரத்தவே மீண்டும் மூட்டை கட்டியவர்களும் உண்டு. அம்பன் கங்கையை மறித்துக் கட்டிய மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017 ஜனவரியில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். களு கங்கைத் திட்டத்துக்காகப் பழைய லக்கல நகரமே இடம் மாறி, 2019இல் புதிய நகரம் திறக்கப்பட்டது. இவற்றுக்காக வயலையும் சேனையையும் மிளகுக் கொடியையும் விட்டு எழும்பிய விவசாயக் குடும்பங்கள் எத்தனையோ. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மலைநாடெங்கும் குடும்பங்களை மீண்டும் பாடசாலைக் கட்டடங்களுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் அனுப்பின. காரணம் ஒவ்வொன்றும் வேறு, மொழியும் வேறு. ஆனால் புதிய இடத்தில் முதல் வருடம் எப்படி இருக்கும் என்பதை இவர்கள் யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பழைய இடத்தில் யார் யாருக்கு என்ன முறை என்பது எல்லோருக்கும் தெரியும். வரப்பில் நடந்து போகிறவரைப் பார்த்து, இவர் இன்னாருடைய மருமகன் என்று சொல்லிவிடலாம். புதிய இடத்தில் வீடுகளுக்கு இலக்கம் இருக்கிறது, ஆட்களுக்கு இன்னும் பெயர் இல்லை. "மேலே வந்த ஆட்கள்", "திட்டத்து ஆட்கள்", "முகாம்காரர்" என்றுதான் சொல்லப்படுகிறார்கள். தண்ணீர்க் குழாய் யாருக்கு எத்தனை மணிக்கு, பாடசாலையில் முதலாம் வகுப்புக்கு இடம் உண்டா, கூலி குறைந்ததற்கு வந்தவர்களா காரணம், சாவு விழுந்தால் எந்த மயானம் என்று ஒவ்வொன்றாக மனத்தாங்கல் வளர்கிறது. முன்பே அங்கிருந்தவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமல்ல. அவர்களுடைய தண்ணீரும் அவர்களுடைய மேய்ச்சல் தரையும் ஒரே நாளில் இரண்டாகப் பங்கு போடப்பட்டன. அவர்களை யாரும் கேட்கவில்லை.

இந்த நிலையில் நாம் கரம் பலகையைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். வீடு கட்டி முடியவில்லை, காணி உறுதி கைக்கு வரவில்லை, இதற்குள் விளையாட்டா என்று கேட்கலாம். கேட்கட்டும். கரம் ஆடினால் உறுதி வராது என்பது எமக்கும் தெரியும். அதற்கு மேலே சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். குடியேற்றங்களில் கிரிக்கெட் ஆட மைதானம் இல்லை. சரிவான மலைக் காணியில் 7 பேர்ச், 10 பேர்ச் என்று அளந்து கொடுத்த இடத்தில் எல்லே ஆட முடியுமா? வலைப்பந்துக் கம்பம் நடக் கூடச் சமதரை கிடைப்பதில்லை. மைதானம் இருந்தாலும் அங்கே ஓடி ஆடுவது இளவட்டங்கள் மாத்திரமே. ஆனால் நான்கு கதிரையும் ஒரு விளக்கும் இருந்தால் கரம் ஆடலாம். முழங்கால் வலியுள்ள பெரியப்பாவும் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் எதிரெதிரே இருந்து ஆடலாம்; பிள்ளை வென்றால் யாருக்கும் மானக்கேடு இல்லை. மொழியும் அதிகம் தேவையில்லை. வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று என்பது சிங்களத்திலும் தமிழிலும் ஒரே கணக்கு.

வெளிநாடுகளில் பூல் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. எம்மில் அதிகம் பேர் அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்போம். துணி விரித்த பெரிய மேசை, ஆறு பைகள், நீண்ட கோலால் வெள்ளைப் பந்தை இடித்து மற்றப் பந்துகளைப் பையில் விழுத்துவது. கரம் அதற்கு ஏழை உறவு என்று சொல்லலாம். கோலுக்குப் பதில் விரல், பந்துக்குப் பதில் காய், ஆறு பைக்குப் பதில் நான்கு மூலை.

அந்த மேசை எமது மலைகளுக்குப் புதிதல்ல என்பது பலருக்குத் தெரியாது. பில்லியட்ஸ் மேசையில் ஆடும் ஸ்னூக்கர் ஆட்டம், 1875இல் இந்தியாவின் ஜபல்பூரில் ஆங்கிலேயப் படை அதிகாரிகளிடையே தோன்றியது என்பார்கள். அதன் விதிகளை 1880களில் ஊட்டி கிளப்பின் சுவரில் எழுதி மாட்டினார்கள். இலங்கையிலும் தோட்டத்துரைமாரின் கிளப்புகளுக்கு அந்த மேசைகள் கப்பலில் வந்தன; 1876இல் ஆரம்பித்த நுவரெலியா ஹில் கிளப்பில் பில்லியட்ஸ் அறையை இன்றும் பார்க்கலாம். எமது பாட்டன்மார் அந்த மேசைக்கு அருகே போயிருந்தால், அது விளக்குத் துடைக்கவோ குடிவகைத் தட்டு ஏந்தவோதான். லயத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது மரப்பலகையும் காயும். ஆனாலும் துரைமாரின் மேசையிலேயே எமது நாட்டவர் ஒருவர் உலகத்தை வென்றார். 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் எம்.ஜே.எம். லாபீர் சம்பியனானார். எந்த விளையாட்டிலும் இலங்கைக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அதுவே. 1996 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தைப் பேசும் எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, அதற்கு 23 ஆண்டுகள் முந்திய இந்தப் பெயர் தெரியும்?

கரத்தின் கதையும் குறைந்ததல்ல. சர்வதேச கரம் சம்மேளனம் 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்றார். 2012இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் எமது நாட்டின் நிஷாந்த பெர்னாண்டோ ஆண்கள் தனிப்பட்டத்தை வென்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த கரம் உலகக் கிண்ணத்தில் மூன்று தங்கப் பதக்கங்களை எடுத்த காசிமா, சென்னையில் ஓட்டோ சாரதி ஒருவரின் மகள். அந்த ஓட்டோ சாரதி தன் மகளுக்குப் பலகைக்கு அருகே இடம் கொடுத்தார். எமது சனசமூக நிலையங்களில் எத்தனை பெண் பிள்ளைகளுக்கு அந்த இடம் உண்டு?

சம்பியன்கள் ஒருபுறம் இருக்கட்டும். நாம் சொல்ல வந்தது, சம்பியனாகப் போகாத மற்ற எல்லோரையும் பற்றி.

எமது ஊர்களில் கரம் போட்டி எப்படி நடக்கிறது? சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்கு இரண்டு கிழமைக்கு முன் விளையாட்டுக் கழகம் ஓர் அறிவித்தல் ஒட்டும். 32 பேர் பெயர் கொடுப்பார்கள். விலகல் முறை. முதல் நாள் இரவே 16 பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் ஒரே ஒரு ஆட்டம் ஆடியவர்கள். மறுநாள் 8 பேர் போவார்கள். 31 ஆட்டங்களில் எல்லாம் முடிந்துவிடும். கடைசியில் ஊருக்கே தெரிந்த அதே இரண்டு பேர் இறுதியாட்டம் ஆடுவார்கள், அதே ஒருவர் கிண்ணத்தைத் தூக்குவார். அந்த ஒருவர் வருடம் முழுவதும் பலகையோடு இருப்பவர். அவர் மேல் எமக்குக் கோபமில்லை. ஆனால் முதல் இரவில் தோற்றுப் போன அந்த 16 பேரில் பெரும்பாலோர் யார் என்று எண்ணிப் பாருங்கள். புதிதாக வந்தவர்கள், வயதானவர்கள், பழகியறியாத பிள்ளைகள். யாரை மண்டபத்துக்குள் அழைத்து வரவேண்டுமோ அவர்களையே முதலில் வெளியே அனுப்பும் முறை அது.

அமெரிக்காவில் இதே குறையை இரண்டு தொழில்முறை பூல் ஆட்டக்காரர்கள் கண்டார்கள். டெரி பெல், லாரி ஹப்பார்ட் என்பது அவர்கள் பெயர். 1979இல் அவர்கள் சாதாரண மக்களுக்காக ஒரு லீக் தொடங்கினார்கள். இன்று அமெரிக்க பூல் ஆட்டக்காரர் சங்கம் என்ற பெயரில் அதில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழமைக்கு ஓர் இரவு ஆடுகிறார்கள். லொறி சாரதிகள், தாதிமார், கடைச் சிப்பந்திகள் எல்லோரும் உண்டு. அதில் பணமும் வியாபாரமும் கலந்திருப்பது உண்மைதான். மதுக்கடைகளை ஒட்டித்தான் அது வளர்ந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர்கள் வகுத்த இரண்டு விதிகள் எமக்கு உதவும்.

எட்டாம் பந்து என்ற ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் திறமைக்கேற்ப 2இலிருந்து 7 வரை ஒரு தரம் கொடுப்பார்கள். 7ஆம் தரத்தவரும் 2ஆம் தரத்தவரும் மோதினால், முதலாமவர் 7 ஆட்டங்கள் வெல்ல வேண்டும். மற்றவர் 2 ஆட்டங்கள் வென்றாலே போதும். ஆகவே கற்றுக்கொள்பவருக்கும் வெல்ல வழி உண்டு, கெட்டிக்காரருக்கும் வியர்வை உண்டு. இது முதலாவது. இரண்டாவதுதான் எமக்கு மிகவும் பிடித்தது. ஓர் அணியில் அன்றிரவு ஆடும் ஐந்து பேரின் தரங்களைக் கூட்டினால் 23க்கு மேல் போகக்கூடாது. ஐந்து பேரும் 7ஆம் தரமென்றால் 35 வந்துவிடும். அப்படி அணி சேர்க்க முடியாது. இரண்டு கெட்டிக்காரரை வைத்துக்கொள்ள விரும்பும் அணி, கற்றுக்குட்டிகளையும் தேடிப்பிடித்து அழைத்து வந்தே ஆகவேண்டும். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் ஆகவேண்டும். புதியவரை மதியுங்கள் என்று யாரும் பிரசங்கம் செய்வதில்லை. புதியவர் இல்லாமல் அணி இல்லை என்று கணக்கை அமைத்துவிட்டார்கள்.

நாம் பல வருடங்களாக ஒற்றுமைக் கூட்டங்கள் நடத்தி வருகிறோம். பதாகை கட்டி, மூன்று மொழியில் வரவேற்புரை சொல்லி, பகலுணவுப் பொதி கொடுத்து அனுப்புகிறோம். பொதி சாப்பிடும்போது வந்தவர்கள் ஒரு மரத்தடியில், இருந்தவர்கள் இன்னொரு மரத்தடியில். அந்தக் கூட்டங்களுக்குச் செலவழித்த காசில் எத்தனை கரம் பலகை வாங்கியிருக்கலாம் என்று நாம் சில வேளை எண்ணுவதுண்டு.

ஆகவே எமது யோசனை இதுதான். சுற்றுவட்டாரத்தில் எட்டு அணிகள். ஒவ்வோர் அணியிலும் எட்டுப் பேர். லீக் முறையில் ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடும் ஒருமுறை ஆடும். மொத்தம் 28 சந்திப்புகள். ஒரு ஞாயிறுக்கு நான்கு என்றால் ஏழு ஞாயிறுகளில் முடிந்துவிடும். ஒரு சந்திப்பில் மூன்று ஆட்டங்கள்: பெண்கள் தனி ஆட்டம் ஒன்று, எவரும் ஆடக்கூடிய தனி ஆட்டம் ஒன்று, இரட்டையர் ஆட்டம் ஒன்று. அன்று பலகைக்கு வரும் நான்கு பேருக்கும் தரம் போடுவோம். கற்றுக்கொள்பவர் 1, நடுத்தரம் 2, கெட்டிக்காரர் 3. நால்வரின் கூட்டுத்தொகை 8க்கு மேல் போகக்கூடாது. இரண்டு கெட்டிக்காரர் வந்தால் ஆறு. மீதி இருவரும் கற்றுக்கொள்பவர்களாகவே இருக்க முடியும். மூன்று கெட்டிக்காரருக்கு இடமே இல்லை.

குடியேற்றத்துக்கு ஓர் அணி, பழைய ஊருக்கு ஓர் அணி என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் தண்ணீர்க் குழாயடியில் நடக்கும் சண்டையை ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குள் கொண்டுவந்து கிண்ணமும் கொடுத்ததாக முடியும். ஒவ்வோர் அணியிலும் இரு பகுதியினரும் இருக்க வேண்டும். முக்கியமாக, இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் வந்தவர், மற்றவர் முன்பே இருந்தவர். கரம் இரட்டையரில் வலமும் இடமும் இருப்பவர்கள் எதிராளிகள். நேர் எதிரே இருப்பவரே கூட்டாளி. ஆட்டம் நடக்கும்போது அவரோடு பேசி யோசனை சொல்ல விதி இடம் கொடாது. அவர் எந்தக் காயை எந்த மூலைக்கு நகர்த்தி வைக்கிறார், அதை நமக்காகத்தான் வைத்தாரா என்பதைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். ஒருவருக்கொருவர் மொழி சரியாக வராத இரண்டு பேருக்கு இதைவிட நல்ல வகுப்பு எது?

தரம் குறைந்தவருக்கு முன்கூட்டியே புள்ளி கொடுப்பதை எமது கரம்காரர் சிலர் எதிர்ப்பார்கள். அது ஆட்டத்தைக் கெடுக்கும் என்பார்கள். ஒரு ஆட்டம் 25 புள்ளி அல்லது எட்டுப் பலகை என்பது விதி. அதில் கற்றுக்கொள்பவர் கெட்டிக்காரரை எதிர்கொள்ளும்போது 10 புள்ளியோடு தொடங்கட்டும் என்கிறோம். இது கரத்துக்கு அந்நியமான எண்ணமும் அல்ல. சிவப்புக் காய்க்கு மூன்று புள்ளி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 22 புள்ளியைத் தொட்டவருக்கு அந்த மூன்று கிடையாது என்பதும் அதே விதிப் புத்தகத்தில்தான் இருக்கிறது. முன்னே போனவரைச் சற்று நிறுத்தி, பின்னே நிற்பவருக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும் விதி அது. எமது மண்டபங்களில் இதை மறந்து 24இலும் சிவப்புக்குப் புள்ளி போடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நேரத்தைப் பற்றி. ஞாயிறு பின்நேரம் இரண்டு மணி நல்லது. காலையில் ஆராதனைக்குப் போகிறவர்கள் போய்வரலாம். போயா தினம் ஞாயிறில் வந்தால் அன்று ஆட்டம் வேண்டாம். இருட்டுவதற்குள் முடியவேண்டும் என்பதில் நாம் கண்டிப்பாக இருக்கிறோம். இரவில் ஆடினால் பெண்கள் வரமாட்டார்கள். வர விரும்பினாலும் வீட்டில் விடமாட்டார்கள். "எங்கள் பெண்களுக்குக் கரத்தில் ஆர்வமில்லை" என்று சொல்லும் கழகங்கள், தங்கள் மண்டபக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பகலில் பாலர் பாடசாலை முடிந்ததும் இரண்டு மணித்தியாலம் பலகையைப் பெண்களிடம் விட்டுப் பாருங்கள். இலை பறித்த விரல், மிளகு ஆய்ந்த விரல், எந்த விரலுக்கும் குறி தவறாது.

இங்கிலாந்தில் பூல், டார்ட்ஸ் லீக்குகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் ஆட்டம் நடக்கிறதோ, அந்த இடத்து அணி வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும். பெரிய விருந்தல்ல, ஏதோ சான்ட்விச், பொரித்த கிழங்கு. வென்றாலும் தோற்றாலும் இரண்டு அணியும் ஒன்றாக இருந்து சாப்பிட்டுவிட்டே கலையும். எமக்கு இது சொல்லித்தரத் தேவையில்லாத பழக்கம். அவித்த மரவள்ளிக்கிழங்கு, கட்டச் சம்பல், ஒரு பிளேன்டீ. யார் வீட்டுக் கிழங்கு என்று கேட்டால் அதிலிருந்தே ஒரு பேச்சு தொடங்கும். எந்தக் கொடியில் பூ பிடித்திருக்கிறது, கராம்பு என்ன விலை போகிறது, உரம் எங்கே கிடைக்கிறது என்று அது நீளும். விவசாயிகள் இருவர் அரை மணி நேரம் சும்மா இருந்தால் வேறென்ன பேசுவார்கள்?

கணக்குப் புத்தகம் இரண்டு வைத்திருங்கள். அணிக்கு ஒன்று. இருவரும் தனித்தனியே எழுதி, ஒவ்வோர் ஆட்ட முடிவிலும் ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும். அமெரிக்க லீக்கிலும் இரு அணியும் கணக்கு எழுதுகின்றன. எமது ஊர்களில் பாதிச் சண்டை "நான் 18, நீ 17 என்று எழுதிவிட்டாய்" என்பதில்தான் தொடங்குகிறது. இந்த வேலையைப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. பெரியவர்கள் பிள்ளைகளுக்கு முன்னால் பொய்க்கணக்குச் சொல்லக் கொஞ்சமாவது கூச்சப்படுவார்கள்.

காசு வைத்து ஆடுவதை எந்த வடிவிலும் அனுமதிக்கக்கூடாது. தேநீர்ப் பந்தயம் என்று தொடங்கும். பிறகு நூறு ரூபா, பிறகு நாட்கூலி. இழப்பீட்டுப் பணம் புதிதாகக் கைக்கு வந்த குடும்பங்கள் உள்ள இடத்தில் இது எங்கே போய் நிற்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பரிசும் பெரிதாக வேண்டாம். ஓர் ஆயிரம் ரூபாவுக்கு நட்பைக் கெடுத்துக்கொள்கிறவர்கள், ஒரு மரக் கேடயத்துக்கு அப்படிச் செய்வது அபூர்வம்.

அரசியல்வாதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேர்தல் நெருங்கினால் கரம் பலகை மழையாகப் பொழியும். பலகையின் சட்டத்தில் கொடுத்தவர் பெயர் பெரிதாக எழுதியிருக்கும். அதை வாங்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; மரத்தின் மேல் குற்றமில்லை. ஆனால் அப்படி வந்த பலகை மண்டபத்துக்குப் போகாமல் கழகத் தலைவர் வீட்டு விறாந்தையில் தங்கிவிடுவதை எல்லா ஊர்களிலும் காண்கிறோம். அதன் பிறகு ஆட விரும்புகிறவர் அந்த வீட்டுப் படியேற வேண்டும். யார் படியேறலாம், யார் ஏற முடியாது என்பதில் சாதியும் கட்சியும் வந்துவிடும். புதிதாக வந்த குடும்பத்துப் பையன் ஒருபோதும் ஏறமாட்டான்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். காணியும் தண்ணீரும் கேட்க வேண்டிய நேரத்தில் கரம் எதற்கு?

தண்ணீர் கேட்டுப் பிரதேச செயலகத்துக்கு நாம் எப்படிப் போகிறோம் என்று நினைத்துப் பாருங்கள். குடியேற்றத்தார் ஒரு மகஜரோடு திங்கட்கிழமை போவார்கள். அதே விடயத்தில் அவர்களுக்கு எதிராகப் பழைய ஊரார் புதன்கிழமை ஒரு மகஜரோடு போவார்கள். இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும் உத்தியோகத்தருக்கு எதையும் செய்யாமலிருக்க மிக நல்ல காரணம் கிடைத்துவிடும். ஊருக்குள் பிணக்கு இருக்கிறது, அதை முதலில் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்பார். இரு பகுதியாரும் ஒரே மகஜரில் கையொப்பமிட்டுப் போனால் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரே மகஜரை எழுத, முன்பின் பேசியிராதவர்கள் திடீரென ஓர் அறையில் கூடிவிட மாட்டார்கள். யாராவது ஒருவருக்கு மறுபக்கத்தில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருக்க வேண்டும். மரணாதாரச் சங்கத்தில் வந்தவர்களைச் சேர்ப்பதா என்ற வாக்குவாதத்திலும், "எனக்கு அவரைத் தெரியும், சந்தா ஒழுங்காகக் கட்டுவார்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் எங்கிருந்து வருவார்? எட்டு அணியில் 64 பேர் ஏழு ஞாயிறுகள் சந்தித்தால், அப்படிச் சொல்லக்கூடியவர் ஒரு சிலராவது இருப்பார்கள் என்று நாம் நம்புகிறோம். இதற்குமேல் கரத்தின் மேல் எந்தப் பாரத்தையும் ஏற்ற நாம் விரும்பவில்லை.

செலவு அதிகமில்லை. நான்கு இடங்களில் நான்கு பலகை. ஒவ்வொன்றிலும் பின்நேரம் மூன்று ஆட்டம். ஆடும் பரப்பு 74 சென்ரிமீற்றர் சதுரம். சிறிய விளையாட்டுப் பலகைகளை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். இரத்தோட்டை, கம்மடுவைப் பக்கம் ஈரக்காற்றில் பலகை சீக்கிரம் வளைந்துவிடும். சீமெந்துத் தரையில் படுக்க வைக்காமல், துணியால் மூடிச் சுவரோடு நிறுத்தி வையுங்கள். பவுடர் முடிந்தால் அரிசிமாவைத் தூவும் பழக்கம் உண்டு. எறும்பு வரும், பூஞ்சணம் பிடிக்கும். விளக்கை நேர் மேலே தொங்கவிட்டு, ஆடுகிறவர் கண்ணில் படாதபடி ஒரு தகரக் குடை செய்து கவிழ்த்துவிட்டால், மழை இருட்டிலும் ஆடலாம்.

காலமும் தோதாகவே இருக்கிறது. பெரும்போக அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்த பிறகு, சிறுபோகத்துக்கு வயலில் இறங்கும் முன், மாசி பங்குனியில் ஏழு ஞாயிறுகளைக் கண்டுபிடிக்கலாம். மாத்தளை முத்துமாரியம்மன் தேர் அதற்குள் வரும். அந்த நாட்களை விட்டுவிடுவோம். கடைசி ஞாயிறு சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் வந்தால், கேடயத்தைக் கயிறிழுத்தலும் தலையணைச் சமரும் நடக்கும் அன்றே கொடுத்துவிடலாம்.

முதல் வேலை, உங்கள் ஊருக்கென்று கிடைத்த பலகை இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து, இரண்டு பேர் போய் அதை மண்டபத்துக்குத் தூக்கி வருவது. அந்த இருவரில் ஒருவர் புதிதாக வந்தவராக இருக்கட்டும்.